பிக்கப்பா, புல்லிங்கா?

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி போகும் சாலையோரம் ஒரு பட்டறை. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் முறைக்குக் காத்திருக்கும் டிராக்டர்கள். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர் என்பதால் அங்கே வரும் வண்டிகளில் பாதி டிராக்டர்தான். அன்று காலை அவற்றுக்கு நடுவே, முகவிளக்குகளுக்கு மேல் புருவம் வைத்தாற்போல ஒரு சின்னக் கார் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1971இல் பதிவான வண்டி. என் அக்கா மகனுக்கு அவனுடைய தாத்தா வழியாக வந்த சொத்து.

ஹெரால்டின் பானெட்டை மற்ற கார்களைப் போலத் தூக்கி முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்முகம் முழுவதும் முதலை வாய் பிளந்த மாதிரி முன்பக்கம் கவிழ்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இந்த என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு ஜிப்சி என்ஜின் வெச்சுடலாமா? இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றான் மருமகன்.

“இன்னாத்துக்கு தம்பி?”

“ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுண்ணே.”

“பிக்கப் இல்லையா, புல்லிங் இல்லையா? ரெண்டும் வேற வேற.”

மருமகன் என்னைப் பார்த்தான். “ரெண்டும் ஒண்ணுதானே மாமா?”

ஒன்றல்ல. பட்டறையில் புழங்கும் இந்த இரண்டு சொற்களும் இயற்பியல் பாடத்தில் இரண்டு தனித்தனி அளவுகள். பழைய சின்னக் காருக்கு வேறு என்ஜின் வைக்க நினைக்கிற எவரும் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு அங்கேதான் இருக்கிறது.

முறுக்கும் திறனும்

கிணற்றில் கமலை இறைத்த காலத்து மாடுகளை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிறைந்த கனமான சாலை மேலே இழுக்கத் தேவைப்படுவது இழுவிசை. ஒரு மணி நேரத்தில் எத்தனை சால் இறைத்தோம் என்பது வேலையின் வேகம். என்ஜினில் முதலாவதற்கு முறுக்குவிசை என்று பெயர், அதாவது டார்க். இரண்டாவதற்குத் திறன் என்று பெயர். குதிரைத்திறனில் அளக்கிறோமே, அதுதான். முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்.

மெக்கானிக் சொல்லும் ‘புல்லிங்’, என்ஜின் நிதானமாகச் சுற்றும்போதும் விடாமல் இழுக்கும் முறுக்கு. ‘பிக்கப்’, மிதித்தவுடன் சுற்று ஏறி வண்டி பாய்வது. முறுக்குவிசை பெரும்பாலும் என்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். அதே கொள்ளளவில் திறனைக் கூட்ட முக்கிய வழி வேகமாகச் சுற்ற வைப்பது. அதனால்தான் ஒரு சிறு நவீன என்ஜின், பெரிய பழைய என்ஜினுக்குச் சமமான குதிரைத்திறனைக் காகிதத்தில் காட்டியும், ஏற்றத்தில் கியர் கியராகக் குறைத்துக் கதற வேண்டியிருக்கிறது.

சரி, ஒரு சின்னக் காருக்கு உண்மையில் எத்தனை குதிரை வேண்டும்? ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் போக, காற்றையும் சக்கர உராய்வையும் வெல்ல, சுமார் 12 குதிரைத்திறன் போதும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஏற சுமார் 18. ஆனால் சமதளத்திலேயே 120 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் சுமார் 31. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது காற்றை மட்டும் வெல்லத் தேவையான திறன் மூன்றரை மடங்கை நெருங்கிவிடுகிறது. வேகத்தின் மும்மடிப் பெருக்கில் அது ஏறுவதுதான் காரணம்.

ஹெரால்டின் 948 சிசி என்ஜின் புதிதில் தந்தது சுமார் 35 குதிரைத்திறன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதைக்கு 18 போதும் என்றால் கைவசம் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்னே ஏன் இழுக்கவில்லை? கேள்வி இப்போது மாறிவிட்டது. இந்த என்ஜின் போதாதா என்று கேட்பதை விட்டுவிட்டு, இதிலிருந்த குதிரைகள் எங்கே போயின என்று தேட வேண்டும்.

ஒரு கரண்டி ஆயில்

மெக்கானிக் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஊசி துள்ளித் துள்ளி ஏறி 122இல் நின்றது. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. இரண்டாவது 118. மூன்றாவது 60. நான்காவது 120.

அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி அளந்தார். 62.

“பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா இந்த ஆயில் ரிங்கைச் சுத்தி இறங்கி அடைச்சிருக்கும். மீட்டர் ஜிவ்வுனு ஏறியிருக்கும். ஏறல. அப்ப காத்து மேலால போவுது. வால்வு.”

ஐந்து நிமிடச் சோதனை. மருத்துவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு மார்பைத் தொட்டுப் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. என்ஜினைத் தூக்கிப் போட வேண்டுமா, ரீபோர் பண்ண வேண்டுமா, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா என்பதை ஒரு கரண்டி ஆயில் சொல்லிவிட்டது.

குறை ஏற்றத்தில் மட்டும் ஏன் அதிகமாகத் தெரிந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 20 மில்லி விநாடி ஆகிறது. 4500 சுற்றில் ஏழு மில்லி விநாடிகூட ஆவதில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் சுமப்பது மாதிரி. ஓடினால் கொஞ்சம் மிஞ்சும், நடந்தால் காலியாகிவிடும். மூடாத வால்வு உள்ள சிலிண்டர் நிதானச் சுற்றில் ஏறக்குறைய சும்மா சுற்றுகிறது. அதாவது புல்லிங் போய்விட்டது. பிக்கப் பாதி இருக்கிறது. மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியிலேயே நோய் பிடிபட்டிருக்க வேண்டும்.

ஈயம் போன பிறகு

ஹெட்டை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைவிடக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. விளிம்பில் ஓரிடம் கருகிப் பொரிந்திருந்தது.

இதன் வேர் இந்தக் காருக்கு வெளியே, பெட்ரோல் பங்கில் இருக்கிறது. பழைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். கலவை தானாகப் பற்றி என்ஜினைத் தட்டும் நாக்கிங்கைத் தடுப்பது அதன் முதல் வேலை. எரிந்தபின் ஈய உப்புகள் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து மெத்தை போலக் காத்தன. இது இரண்டாவது வேலை. ஈயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அதை விலக்கியது சரியான முடிவு. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல்தான்.

மெத்தை போன பிறகு, ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்த பழைய வால்வு சீட்டில் செக்கச் சிவந்த வால்வு நேரடியாக மோதுகிறது. நுண்ணிய புள்ளிகளில் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்கின்றன. வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைகிறது. புதையப் புதைய, வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் டப்பெட் இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூட முடியாமல் திறந்தே நிற்கிறது. அந்த இடுக்கு வழியே தீ பாய்ந்து விளிம்பைப் பொசுக்குகிறது.

“டப்பெட் சத்தம் தானா அடங்கிப்போச்சுன்னா சந்தோஷப்படக் கூடாது சார்” என்றார் மெக்கானிக். “இடைவெளி சாவுதுன்னு அர்த்தம்.”

மருந்து எளியது. லேத் பட்டறையில் பழைய சீட்டைக் கடைந்தெடுத்துவிட்டு, கடினப்படுத்திய எஃகு வளையத்தை இறுக்கிப் பதிப்பது. 1971இன் என்ஜின் இன்றைய பெட்ரோலுக்குத் தயாராகிவிடும். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே தெரியாத இந்த வேலைதான் பழைய காருக்குச் செய்யக்கூடிய முதல் மேம்பாடு.

இரண்டாவது வேலையும் பெட்ரோல் பங்கிலிருந்துதான் வருகிறது. இன்று கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு சுத்த பெட்ரோலை எரிக்க எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோலைச் சொட்டிக்கொண்டிருக்கும். விளைவு, கலவை எட்டு, ஒன்பது சதவீதம் இளைத்துவிடும், மிதித்தால் திக்கும். ஜெட்டைச் சற்றுப் பெரியதாக மாற்ற வேண்டும். எத்தனாலுக்கு ஆகாத பழைய ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம் இவையும் ஊறி உப்பிப்போகும். புதியது போட வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு என்ஜின் மாற்றப் பேசுவது, மூக்கடைப்புக்கு நுரையீரலை மாற்றுவது மாதிரி.

மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

பழைய என்ஜினின் ‘பலவீனம்’ என்று நாம் நினைப்பது சில இடங்களில் உயிர் காத்திருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் போனது. அந்த நாட்களில் அங்கே ஓடியவை ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள். அவை மண்ணெண்ணெயில் ஓடின. அரிதாகக் கிடைத்த பெட்ரோலில் சில துளிகளை விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

எப்படி முடிந்தது? அந்த என்ஜின்களில் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, குறைவு, ஏழையொட்டி இருக்கும். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை அளவுக்கு மேல் அழுத்தினால், பிளக் பொறியின் தீ பரவி வருவதற்கு முன்பே மிஞ்சிய கலவை தானாகத் தீப்பற்றி என்ஜினைச் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். அதுதான் நாக்கிங். மண்ணெண்ணெய் இதற்கு மிக எளிதில் ஆளாகும். குறைவாக அழுத்தும் பழைய என்ஜின் மட்டுமே அதைத் தாங்கியது. ஆவியாகாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும் என்பதால், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். புதிய கார் ஒன்று அந்தத் தடைக்காலத்தில் வெறும் தகரமாகக் கிடந்திருக்கும்.

நமக்கு அந்த நெருக்கடி இல்லை. எனவே அழுத்த விகிதத்தைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் அது நடக்கும். விகிதம் 7இலிருந்து 9 ஆனால், வெப்பத்தை வேலையாக மாற்றும் திறன் ஏட்டுக் கணக்கில் 54 சதவீதத்திலிருந்து 58 சதவீதத்துக்கு உயரும். நிஜ என்ஜினில் கிடைப்பது அந்த எண்களில் பாதியளவுதான் என்றாலும், கூடுதல் பெட்ரோல் இல்லாமல் வருகிற லாபம் அது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

இதற்கு மேலும் சக்தி வேண்டும் என்பவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தக் காரின் சொந்தபந்தத்தில்.

சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃப் கார்களை இங்கே உருவாக்கியது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. 1961இல் ஹெரால்டு வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உடல். பின்னாளில் நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே பிறந்தது.

இதன் என்ஜின் ஒரு பெரிய குடும்பத்தின் இரண்டாவது பிள்ளை. 1953இல் 803 சிசி. சிலிண்டரின் விட்டமான போர் 58 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ. போரை 63 ஆக்கினார்கள், 948 சிசி. 69.3 ஆக்கினார்கள், 1147. 73.7 ஆக்கினார்கள், 1296. நான்கிலும் ஸ்ட்ரோக் அதே 76. இங்கிலாந்தில் ஹெரால்டே 1961இல் 1147க்கும் 1967இல் 1296க்கும் மாறிவிட்டது. இந்தியாவில் மட்டும் கடைசிவரை 948தான்.

போருக்கு இடம் தீர்ந்தபின் ஸ்ட்ரோக்கை 87.5 ஆக்கி 1493 சிசி எடுத்தார்கள். அது ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காருக்குப் போனது. இங்கேதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 6000 சுற்றில் 76 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள என்ஜினின் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 15.2 மீட்டர் ஓடுகிறது. 87.5 என்றால் 17.5 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பும்போது கிராங்கை உலுக்கும் விசையும் கூடுகிறது. அந்தக் கிராங்கைத் தாங்குவதோ முன்பிருந்த அதே மூன்று மெயின் பேரிங்குகள். புல்லிங் அருமையாக இருந்தது. விரட்டினால் பேரிங் போனது.

ஆகவே ஹெரால்டுக்கு 1296 கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரிய வெட்டல் ஒட்டல் இல்லாமல் உட்காரும். ஃபியட்காரர்களுக்கும் இதே நியாயம்தான். பத்மினியின் 1089 சிசி என்ஜினைச் செம்மையாகக் கட்டி, தளர்ந்த கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பலர் வேறு என்ஜினைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்கள்.

பெரிய சட்டை, பழைய உடம்பு

என்ஜின் மாற்றம் பட்டறைச் சேட்டை மட்டும் இல்லை, நிறுவனங்களும் செய்திருக்கின்றன. பிரீமியர் நிறுவனம் 1985இல் ஃபியட் 124இன் உடலுக்குள் நிஸானின் 1171 சிசி என்ஜினை வைத்து 118என்இ என்று விற்றது. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்குள் இஸுஸுவின் 1817 சிசி என்ஜின் ஏறியது. கூடவே ஐந்து கியர் பெட்டி. ஐம்பது குதிரை அளவில் இருந்த வண்டி 75ஐத் தொட்டது. இரண்டும் நன்றாகவே ஓடின. என்ஜினையும் கியரையும் ஜோடியாகக் கொண்டுவந்தது அதற்கொரு முக்கியக் காரணம்.

தலைகீழ்ப் பாடம் சென்னையில்தான் நடந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 என்ஜின்கூட இருந்தது. இங்கே வைத்ததோ 1940களின் வான்கார்டு காரிலிருந்து வழிவந்த 1991 சிசி நான்கு சிலிண்டர். சுமார் 83 குதிரைத்திறன். நல்ல என்ஜின்தான், அதில் குறையில்லை. அதன் வம்சம் 1947 முதல் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது; ட்ரையம்ஃப் டிஆர்2 விளையாட்டுக் காரில் பறந்தது. டிராக்டர் வடிவில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைக்கூட எரித்தது. ஆனால் அகலமான சொகுசுக் காருக்குள் அது தாத்தா மாப்பிள்ளைக் கோலம் போட்டது மாதிரி ஆகிவிட்டது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் அடங்கியது.

ஃபெர்குசன் பெயர் மட்டும் போகவில்லை. 1960இல் தொடங்கிய சென்னையின் டாஃபே மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைக் கட்டுகிறது. அந்த வேப்பமரத்தடியிலும் சிவப்பாக இரண்டு நின்றன.

ஆறு சிலிண்டர் காட்டிக்கொடுத்தது

ஹெரால்டுக்கு எவ்வளவு சக்தி தாங்கும்? இதை ட்ரையம்ஃபே சோதித்துக் காட்டியது. 1962இல் ஹெரால்டின் அடிச்சட்டத்தில் 1596 சிசி ஆறு சிலிண்டர் என்ஜினை வைத்து விட்டெஸ் என்று வெளியிட்டது. வெறும் என்ஜினை மட்டும் வைக்கவில்லை. சட்டத்தை வலுவாக்கி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது. 1966இல் என்ஜின் 1998 சிசி ஆனது; அதே ஆண்டு அதே என்ஜினோடு ஜிடி6 வந்தது.

அப்போதுதான் பின்னச்சின் குணம் வெளியே வந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே குறுக்குத் தண்டில் இல்லை. நடுவிலிருந்து இரண்டு கைகள் ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் காலை உள்ளே மடக்கிக்கொள்ளும், பிடி போய்விடும். 35 குதிரையில் இந்தக் குறை தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் தட்டி எழுப்பியது. விமர்சனம் எழுந்து 1968இல் பின் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியதாயிற்று.

சென்னைக்காரர்கள் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். இந்தச் சஸ்பென்ஷன் ஓட்டுபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் என்ஜின் அதே 948. பின்னச்சு மட்டும் முழு இரும்பு அச்சாக மாறியது. சக்தியைக் கூட்டாமலே குறையைச் சரிசெய்தார்கள்.

ஜிப்சியை வைத்தால்

மருமகன் கேட்ட 1298 சிசி ஜிப்சி என்ஜின் அதன் பிந்தைய வடிவில் 80 குதிரைத்திறன் தரும். கேட்க இனிக்கிறது. கணக்கு வேறு. 948இன் முறுக்குவிசை 65 நியூட்டன் மீட்டர் அளவு. ஜிப்சியினுடையது 100ஐத் தொடும். முதல் கியர் நான்கு மடங்கு, கிரவுன் பினியன் ஐந்து மடங்கு பெருக்கும் என்று வைத்தால், பின்னச்சுக்குப் போவது 1300இலிருந்து 2000 ஆகிவிடும். சின்ன என்ஜினுக்கென்று வார்த்த பினியன் பற்கள் எத்தனை நாள் தாங்கும்?

பிரேக்கைப் பார்ப்போம். ஆயிரம் கிலோ வண்டி 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 139 கிலோ ஜூல். 90இல் 313. வேகம் ஒன்றரை மடங்கு. பிரேக்குக்கு வேலை இரண்டேகால் மடங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டி மலையிறக்கத்தில் இதைத் தொடர்ந்து செய்தால் லைனிங் சூடேறி மிதி வெறுமனே இறங்கும்.

பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேறுகிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில், காற்றோட்டமே இல்லாமல் அதை வெளியேற்ற வேண்டும். எனவே பெரிய ரேடியேட்டர், மின்விசிறி. விசிறிக்கு டைனமோ போதாது, ஆல்டர்னேட்டர். இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு டேங்கிலிருந்து அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தள்ளும் பம்ப், திரும்பி வரும் குழாய், கம்ப்யூட்டர் பெட்டி, சென்சார்கள், ஒயரிங். ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல், கியர் லீவர் சீட்டுக்கு நேரே வராமல் எல்லாம் அமைய வேண்டும். என்ஜினின் விலை இந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே.

மின்மோட்டாருக்கும் இதே கணக்குதான். நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு தருவதால் புல்லிங்குக்கு அது ராஜா. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது ஏறக்குறைய ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு என்றாலும், வெளியூர்ப் பயணத்துக்கு வேண்டிய மின்கலத்தின் எடை பின்னச்சிலும் பிரேக்கிலும்தான் வந்து உட்காரும்.

எல்லாவற்றையும் செய்யலாம். செய்து முடித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் மாற்றியது என்ஜினை மட்டும் அல்ல. ஒரு காரையே புதிதாக வடிவமைத்தார்கள். அந்த எண்ணமில்லாதவருக்கு என் வரிசை இதுதான்: முதலில் பிரேக், பிறகு கூலிங், பிறகு தேய்ந்து தள்ளாடும் காண்டாக்ட் பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், பிறகு முடிந்தால் ஐந்து கியர் பெட்டி. ஐந்தாவது கியர் 0.82 விகிதமாக இருந்தால் 4000 சுற்றில் அலறிக்கொண்டு போன என்ஜின் 3280இல் நிம்மதியாக ஓடும்; ‘என்ஜின் போதவில்லை’ என்ற புகார்களில் பல அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் குறை இருந்தால் என்ஜின்.

துடைத்தெடுத்த எண்

சட்டமும் ஒரு பக்கம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதைக் கறாராக உறுதிசெய்தது. எனவே எந்த என்ஜின் மாற்றமும் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது. 2021 ஜூலையில் வந்த விதிகளோ பழைய கார்களுக்குப் புதிய மரியாதை கொடுத்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். நிபந்தனை: அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இதைச் சொன்னபோது மருமகன் மறுமொழி பேசவில்லை. ஹெட் லேத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. நான்கு எக்ஸாஸ்ட் சீட்டும் புதிது. மாட்டி, டப்பெட் வைத்து, மறுபடி மீட்டரைப் பிடித்தார் மெக்கானிக். மூன்றாவது சிலிண்டர் 121.

அடுத்த ஞாயிறு ஜமுனாமரத்தூர் மலையில் மூன்றாவது கியரிலேயே பெரும்பாலான வளைவுகளை ஏறினோம். வேகமாக இல்லை. பின்னால் வந்த பைக்குகளெல்லாம் முந்திக்கொண்டு போயின. மேலே நிறுத்தி பானெட்டைக் கவிழ்த்ததும், மருமகன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டைத் தேய்த்தான். ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலிருந்து எழுத்தும் இலக்கமும் ஒவ்வொன்றாக வந்தன. ஆர்.சி. புத்தகத்தை மடியில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான்.

“ஒண்ணுதான் மாமா” என்றான். “எல்லா நம்பரும் ஒண்ணுதான்.”